கண்மாயில் சீமைக் கருவையை அகற்றிய பிறகு என்ன செய்வது? அயல் உயிரினக் கட்டுப்பாடு குறித்த விவாத இழை

கண்மாய்க்கரை (இராமநாதபுரம் மாவட்டம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பிடிப் பகுதியில் ஏறத்தாழப் பாதியைச் சீமைக் கருவை அடைத்துக்கொண்டுள்ளது. வரும் கோடையில் அதை ஏலம் விட்டு அகற்றுவது என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகி, அனுமதிக்கான விண்ணப்பமும் போயிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் ஏலம் விடப்பட்டது. லாரி லாரியாக விறகு போனது, கண்மாய் வெட்டவெளியானது, ஊருக்கும் கொஞ்சம் பணம் சேர்ந்தது. ஆனால் அடுத்த இரண்டு மழைக்குள் வெட்டிய ஒவ்வொரு தூரிலிருந்தும் ஒரு தண்டுக்குப் பதிலாக ஏழெட்டுத் தண்டுகள் கிளம்பின. முன்பு குனிந்தாவது ஆள் நுழைய முடிந்த இடத்தில் இப்போது ஆடுகூட நுழைய முடியாது.

எனவே எப்படி அகற்றுவது என்பதை விட, அகற்றிய பிறகு என்ன செய்வது என்பதே எனது கேள்வி. ஏலப் பத்திரத்தில் என்ன நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். வேறு செடிகள், விலங்குகள், பூச்சிகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய அனுபவமும் இதற்குப் பயன்படக்கூடும் என்பதால் அவற்றையும் இங்கேயே எழுதலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும்.

ஓய்வுபெற்ற வனவர் (கூடலூர்) எழுதியது:

நல்ல கேள்வி. அகற்றுவதற்கு முன்பே இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

தாங்கள் விவரித்தது சீமைக் கருவையின் இயல்பான நடத்தையே. அதன் தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் நிறைய உள்ளன. தரைக்கு மேலே அறுத்தால் அந்த மொட்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். அடிவேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் புதுத் தளிர்களுக்குத் தண்ணீர்க் கவலையும் கிடையாது. தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது ஓர் அடி ஆழம் வரை தோண்டித் தூரை எடுத்தால்தான் அந்த மரம் முடியும். வேர் முழுவதையும் பிடுங்க வேண்டிய தேவை இல்லை.

எங்கள் பக்கத்து உண்ணிச்செடிக்கும் (லாண்டானா) இதே தத்துவம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட அது, இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பரப்பில் பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபு உருவாக்கிய முறையில், புதரை மேலே வெட்டுவதே இல்லை. மண்வெட்டியால் மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே முதன்மை வேரை அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அறுபட்ட பகுதி மண்ணில் படாததால் அது மீண்டும் வேர் பிடிக்காது. இயந்திரம் எதுவும் வேண்டாம், மண்ணும் கிளறப்படாது. கிளறிய மண்ணில்தான் உண்ணியின் விதைகள் உடனே முளைக்கும் என்பதால் இந்த இரண்டாவது நன்மை முக்கியமானது.

இத்தனை தெரிந்தும் ஏன் தோற்றுப்போகிறோம் என்றால், வேலையை அளக்கும் அளவுகோல் அப்படி அமைந்திருக்கிறது. "இந்த ஆண்டு இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது" என்று அறிக்கையில் எழுதலாம். அதே இடத்துக்கு மூன்றாம் ஆண்டு போய் விரல் பருமனுள்ள நாற்றுகளைப் பிடுங்கியதை எழுத அறிக்கையில் பத்தி கிடையாது, அதற்குத் தலைப்பு வாரியாக நிதியும் ஒதுக்கப்படுவதில்லை. அரை ஏக்கரை எடுத்து ஐந்தாண்டு பார்த்துக்கொள்வது, ஐம்பது ஏக்கரை ஒரே கோடையில் மொட்டையடிப்பதை விட மேலானது என்பது என் கருத்து. என்னுடன் பணியாற்றிய பலர் இதை ஏற்கமாட்டார்கள்.

முதுமலையிலும் வயநாட்டிலும் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தில் இப்போது இதே சிக்கலைப் பார்க்கிறோம். நீலகிரிக் காடுகளிலிருந்து அந்த மரங்களைக் காகிதக் கூழுக்காக எடுக்கும் பணி தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்திடம் தரப்பட்டது. மரத்தை வெறுமனே வெட்டிப் போடுவதற்கு அது எவ்வளவோ மேல், செலவும் குறையும். ஆனால் காகித ஆலைக்குத் தேவை தடித்த மரம். தூரிலிருந்து கிளம்பும் தளிரும் மண்ணில் கிடக்கும் விதையும் அதற்குத் தேவையில்லை. அந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும்.

மூட்டக்கரி (சிவகங்கை மாவட்டம்) எழுதியது:

வனவர் ஐயா கடைசியாகச் சொன்னதை எங்கள் தொழிலிலிருந்து விளக்குகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கரிமூட்டம் போடுகிறது.

ஏலம் எடுப்பவருக்கு மணிக்கட்டுப் பருமனுக்கு மேலான கட்டைதான் காசு. அதற்குக் கீழே உள்ள சுள்ளியை மூட்டத்தில் அடுக்கினால் கரியாகாமல் சாம்பலாகிவிடும், செங்கல் சூளைக்கோ உயிரிப்பொருள் மின்நிலையத்துக்கோதான் போகும், அங்கே விலை குறைவு. ஆகவே தடித்ததை அறுத்துக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடுவார். தூரையும் விட்டுவிடுவார். தூர்க்கட்டையில் கனமான நல்ல கரி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைத் தோண்டும் கூலி கரியின் விலையைத் தின்றுவிடும். அதோடு, தூரை விட்டால் நான்கைந்து ஆண்டுகளில் அதே கண்மாயில் மறுபடியும் ஏலம் எடுக்கலாம். வெட்டுபவருக்கு இது விளைச்சல், ஊருக்கு இது களை. இரண்டு பேரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு வேறு.

நான் கருவையின் எதிரி இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் பல கிராமங்களில் அடுப்பு எரிந்ததும் வட்டி கட்டியதும் இந்த மரத்தால்தான். இதை அகற்றச் சொல்லும் பலர் அந்த மூன்று மாவட்டங்களிலும் ஒரு கோடையைக் கழித்தவர்கள் அல்லர். கண்மாயில் எடுங்கள், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் எடுங்கள், நான் மறுக்கவில்லை. தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்திலும் கட்டாயமாக எடுக்க வேண்டும் என்றால், அதற்குப் பதிலாக அந்தக் குடும்பத்துக்கு என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைகைவாசி (மதுரை) எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் தேவையா? 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 13 மாவட்டங்களில் சீமைக் கருவையை அகற்ற உத்தரவிட்டு, வேலையும் தொடங்கியது. அதே வேகத்தில் மாநிலம் முழுவதும் செய்திருந்தால் இன்று இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும் மரத்துக்கு இரக்கம் காட்டுவதில் பொருளில்லை.

ஏட்டுச்சுவடி (சென்னை) எழுதியது:

வைகைவாசி அவர்களே, இழையைத் தொடங்கியவர் தவிர்க்கச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகளில் முதலாவது நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வாக்கியம்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்பவற்றுக்கெல்லாம் ஆய்வுச் சான்று இல்லை. இது நிலத்தடி நீரை ஆழத்திலிருந்து எடுப்பதும், உதிரும் இலை பிற செடிகளின் முளைப்பைத் தடுப்பதும், கண்மாயின் கொள்ளளவையும் வரத்துக்காலின் ஓட்டத்தையும் குறைப்பதும் மெய். அந்த மெய்யே போதுமான குற்றச்சாட்டு, கூடுதலாகக் கதை சேர்க்க வேண்டியதில்லை.

காமராசர் காலத்தில் விமானத்திலிருந்து விதை தூவியதால்தான் இது வந்தது என்று பரவலாகப் பேசப்படுவதற்கும் ஒரு திருத்தம் தேவை. அன்றைய சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் பெடோம் 1876-இல் இந்த விதையைக் கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அதற்கடுத்த ஆண்டு ஊன்றப்பட்டன. பிற்காலத்தில் விறகுப் பற்றாக்குறையைத் தீர்க்க வறண்ட மாவட்டங்களில் இதன் பரப்பு விரிவாக்கப்பட்டது. குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்பு பரவுவதைத் தடுக்க 1960-களின் தொடக்கத்தில் வனத்துறையே நட்டது. மால்தாரி என்னும் மேய்ச்சல் மக்களின் எருமைகளும் காங்ரேஜ் மாடுகளும் மேய்ந்த அந்தப் புல்வெளியில் இன்று பெரும்பகுதியில் இந்த மரமே நிற்கிறது.

நீதிமன்ற வரலாற்றையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். அதே 2017-இல், அறிவியல் மதிப்பீடு செய்யாமல் ஒட்டுமொத்தமாக அகற்றுவது சரியா என்ற கேள்வி எழுந்து, சென்னை முதன்மை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அதன் பின் பல சுற்று விசாரணைகளுக்குப் பிறகு, 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான ஒரு கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அந்தக் கொள்கையின் தலைப்பிலேயே அகற்றலோடு மீட்டெடுப்பும் சேர்ந்திருக்கிறது. நடைமுறையில் முதல் பாதிக்குத்தான் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது.

இன்னொன்று. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நீர்ப்பறவைகள் சீமைக் கருவை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அங்கே மாற்று மரம் வளர்வதற்கு முன் வெட்டினால் அடுத்த பருவத்தில் பறவை எங்கே போகும்? கோடியக்கரையிலோ வெளிமான்கள் மேயும் புல்வெளியை இதே மரம் விழுங்குகிறது. அங்கே தாமதிப்பதுதான் தவறு. ஒரே மரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு வேண்டியிருக்கிறது.

குளவிக்கூடு (கோயம்புத்தூர்) எழுதியது:

இதுவரை வெட்டுவதைப் பற்றியே பேசியிருக்கிறோம். அயல் இனம் இவ்வளவு பெருகுவதற்கு ஒரு முக்கியக் காரணம், தாயகத்தில் அதைத் தின்ற பூச்சியும் நோயும் அதனுடன் கூடவே வராததுதான். அந்த எதிரியைத் தேடிக் கொண்டுவரும் முறைக்கு இந்தியாவில், குறிப்பாகத் தென்னாட்டில், நீண்ட வரலாறு உண்டு.

சப்பாத்திக் கள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1795-இல் சாயத் தொழிலுக்காகப் பிரேசிலிலிருந்து ஒரு செதில் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்த சாயப் பூச்சி அது அன்று. சாயம் கிடைக்கவில்லை, ஆனால் அது ஒருவகைக் கள்ளியை அழித்தது. அதைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதை வேண்டுமென்றே கொண்டுசென்றார்கள். களையைக் கட்டுப்படுத்த ஓர் உயிரினத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் சென்றதில் உலகில் இதுவே முதல் நிகழ்வு எனப்படுகிறது. இன்னொரு வகைக் கள்ளிக்கு அந்தப் பூச்சி பயன்படாததால் 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு செதில் பூச்சி வந்தது, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் மீண்டது. நம் பாட்டன்மார் கள்ளிக்காட்டைப் பற்றிச் சொன்ன கதைகளில் உள்ள அடர்த்தி இன்று எங்கும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அண்மைக் கால எடுத்துக்காட்டும் நம் ஊரிலேயே உண்டு. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி இலையின் அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போன்ற வெள்ளைப் படலம், அதிலிருந்து வழியும் தேன்கழிவில் கரும்பூசணம், அந்தத் தேனுக்காக ஏறி இறங்கும் எறும்பு வரிசை என்று தோட்டமே நாறும். மருந்தடித்தால் மேலேயுள்ள மெழுகில் பட்டு வழிந்துவிடும். பப்பாளியிலிருந்து மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பருத்திக்கும் போனது. 2010-இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்தபின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அவற்றை வயல்களில் விட்டார்கள். அவற்றுள் அசெரோஃபேகஸ் என்ற குளவி கொசுவை விடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும், புழு உள்ளிருந்து தின்று வெளிவரும், எஞ்சுவது பழுப்பு நிறக் கூடு மட்டுமே. ஓரிரு ஆண்டுகளில் பிரச்சினை அடங்கியது.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தோன்றிச் சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோதும் இதே வழி பின்பற்றப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகிரஸ் லோப்பெசி குளவி வந்து, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் மரவள்ளியைக் காத்த அதே குளவி அது.

அப்படியானால் சீமைக் கருவைக்கும் ஒரு பூச்சியைக் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். மூட்டக்கரி அவர்களின் பதிவே அதற்கு விடை. பூச்சிக்குக் கண்மாய் எது, பட்டா எது என்று தெரியாது. சிலர் பிழைப்பாகவும் சிலர் களையாகவும் பார்க்கும் மரத்தின் மீது திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை எடுக்க யாரும் துணிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் இதே சச்சரவு வந்தபோது, மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் தின்னும் வண்டுகளை 1987 முதல் விட்டார்கள். நெற்றைக் கால்நடை தீவனமாகப் பயன்படுத்தலாம், பரவலும் குறையும் என்பது கணக்கு. ஆனால் வண்டு விதையை எட்டுவதற்குள் ஆடுமாடுகள் நெற்றைத் தின்றுவிட்டதால் பலன் குறைவாகவே இருந்தது.

தவறான தேர்வுகளும் உண்டு. ஆப்பிரிக்க நத்தையைக் கட்டுப்படுத்தவென ஹவாயிலும் டஹிட்டி, மூரியா தீவுகளிலும் விடப்பட்ட ஓநாய் நத்தை, அங்கு மட்டுமே வாழ்ந்த சிறிய மர நத்தைகளில் பல இனங்களைத் தின்று தீர்த்தது. நம் நாட்டில் பார்த்தீனியத்துக்காக மெக்சிகோவிலிருந்து வந்து 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு, பின்னர் சூரியகாந்தி இலையில் காணப்பட்டதும் பெரும் விவாதம் எழுந்தது. அது சூரியகாந்தியை அழிக்கவில்லை. பார்த்தீனியத்தையும் முழுதாக அழிக்கவில்லை, மழைக்காலத்தில் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ஓரினத்தை மட்டுமே தின்னும் எதிரியா, பலவற்றையும் தின்னும் எதிரியா என்பதைப் பல ஆண்டுகள் சோதிப்பதற்கான காரணம் இவைதான். அந்தச் சோதனையைக் காலவிரயம் என்று விமர்சிப்பவர்களுக்கு மூரியாவைக் காட்டலாம்.

கழிமுகம் (எண்ணூர்) எழுதியது:

செடியாவது நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் பக்கம் வந்திருப்பது தண்ணீரில் வந்தது.

எண்ணூர், பழவேற்காடு முகத்துவாரங்களில் காக்கா ஆழி என்று நாங்கள் அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி படுக்கையாகப் படர்ந்துவிட்டது. கை வைத்தால் கறுப்பு நிறத்தில் நார்நாராக ஒன்றோடொன்று பின்னி, பாய் விரித்தது போல அடியில் கிடக்கும். அதற்கடியில் சேறு இறுகி நாறும். மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் இருந்த இடம் போய்விட்டது, இறாலுக்குச் சேற்றில் புதையும் இடம் இல்லை. கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்த பெண்களுக்கு முதலில் பிழைப்பு போனது. கப்பல்கள் நிலைத்தன்மைக்காக ஏற்றி இறக்கும் நீரில் இதன் குஞ்சுகள் வந்திருக்கும் என்பதே வல்லுநர்கள் பெரும்பாலும் கூறும் காரணம். அந்த நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வாரி எடுக்க வேண்டும் என்று நாங்களே கேட்கிறோம். ஆனால் வாரும்போது உடைந்து மிதப்பவை நீரோட்டத்தில் போய் வேறிடத்தில் ஒட்டும், எடுத்த சிப்பியைக் கரையில் குவித்தால் அழுகும், முகத்துவாரத்தை ஆழப்படுத்தி நீரோட்டத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் எடுத்தால் மறுபடியும் படரும். கண்மாய்க்கரை அவர்கள் தூரைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியைத்தான் நாங்கள் உப்புநீரில் நின்று கேட்கிறோம்.

குளத்துமீன் (கிருஷ்ணகிரி) எழுதியது:

நன்னீரிலும் இதே நிலைதான், ஆனால் எங்களுடையது கப்பலில் வரவில்லை, மனிதர்களே கையால் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடை செய்யப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நாட்டுத் தேளி என்ற பெயரில் சந்தையில் கிடைக்கிறது. கோழி இறைச்சிக் கழிவைப் போட்டால் வேகமாக எடை கூடுவதால் மறைவாக வளர்ப்பவருக்கு நல்ல இலாபம். ஒரு கனமழையில் குட்டை நிரம்பி வழிந்தால் ஏரிக்குப் போய்விடும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த நீர்நிலைக்குப் போகக் கூடியது. ஏரிக்குள் போனபின் அதை எடுக்க வழியில்லை என்றே கொள்ளலாம். மீன்தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கும் சக்கர் மீன் பெரிதானதும் இரக்கப்பட்டு ஏரியில் விடுகிறவர்கள், அதன் முள் செதில்கள் வலையைக் கிழிப்பதைக் கண்டதில்லை போலும்.

1952-இல் அரசு வழியாகவே வந்த ஜிலேபிக் கெண்டை இப்போது இல்லாத குளம் ஏது? அதை அகற்றுவது பற்றி யாரும் பேசுவதே இல்லை, விலை மலிவான மீனாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். வருவதற்கு முன் தடுப்பது, வந்தவுடன் பிடிப்பது, பரவினால் ஓர் எல்லைக்குள் வைத்திருப்பது, அதுவும் முடியாவிட்டால் சேர்ந்து வாழ்வது என்று நான்கு படிகள் உண்டென்றால், நம் நாட்டில் பணமும் பேச்சும் மூன்றாம் படியில்தான் தொடங்குகின்றன.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

இங்கு பாத்தீனியம் 1980-களின் இறுதியில் இந்திய அமைதிப்படைக்கு உணவாகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் வந்தது எனப் பரவலாகக் கூறப்படுகிறது. வடக்கில் செம்மண் தோட்டங்களில் அது பரவியபோது சிரமதானங்கள் (ஊர்கூடிச் செய்யும் கூலியில்லா வேலை) நடத்திப் பிடுங்கினோம், பாடசாலை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கையுறையின்றிப் பிடுங்கியவர்களுக்குத் தோல் அழற்சி வந்ததுதான் பலன் என்று சொல்லுமளவுக்கு அது திரும்பவும் முளைத்தது, ஏனெனில் பூத்தபின் பிடுங்கி வீதியோரம் குவித்தார்கள். விதை அங்கிருந்தே உழவு இயந்திரச் சில்லுகளிலும் எருவிலும் ஏறிப் பயணித்தது. பூக்க முன்னர் பிடுங்குவது, பிடுங்கியதை அவ்விடத்திலேயே எரிப்பது அல்லது ஆழப் புதைப்பது, வெளியிலிருந்து வரும் எருவைச் சோதிப்பது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்த தோட்டங்களில் மட்டும் நிலைமை மாறியது. கண்மாய்க்கரை அவர்களின் ஏலத்துக்கும் காலம் பார்த்துத் தேதி குறிக்கும்படி வேண்டுகிறேன்.

வைகைவாசி எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன சான்றுகளை ஏற்கிறேன். ஆனாலும் என் ஐயம் தீரவில்லை. இவ்வளவு நிபந்தனைகளைப் போட்டால் யார் ஏலம் எடுப்பார்கள்? நிபந்தனை கூடக்கூட ஏலத் தொகை குறையும், கடைசியில் ஊர் பணம் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டிவரும்.

மூட்டக்கரி எழுதியது:

வைகைவாசி கேட்பது நியாயமான கேள்வி. தொகை குறையத்தான் செய்யும். தூரோடு எடுக்க வேண்டும் என்றால் எங்கள் பக்கத்து வியாபாரி முதலில் பொக்லைன் வாடகையைத்தான் கணக்குப் போடுவார். ஆனால் ஊர் இப்போது பெறும் தொகை, அடுத்த ஏலம் வரை கண்மாயில் தண்ணீர் நிற்காமல் போவதற்கான விலையையும் சேர்த்தது. அதைக் கழித்துப் பார்த்தால் குறைந்த தொகைதான் உண்மையான தொகை. வியாபாரி ஊரிடம் கட்டும் முன்பணத்தை ஒரேயடியாகத் திருப்பித் தராமல், தூர் எடுத்த பரப்பைப் பார்த்தபின் பகுதி பகுதியாகத் தந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். இதை வியாபாரம் செய்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு ஏலப் பத்திரத்துக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். கண்மாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து, முதல் ஆண்டு மடையை ஒட்டிய பகுதியையும் வரத்துக்காலையும் மட்டும் ஏலம் விடுகிறோம். தூரை ஓர் அடி ஆழத்துக்கு எடுப்பதும், சுள்ளியையும் அகற்றுவதும் ஏலதாரர் பொறுப்பு. முன்பணத்தின் ஒரு பகுதி அடுத்த மழைக்குப் பிறகு, தளிர்க்காத பரப்பைப் பார்த்துத் திருப்பித் தரப்படும். ஏலத் தொகையில் பாதி தனிக் கணக்கில் போடப்பட்டு, மூன்று ஆண்டுகள் நாற்றுப் பிடுங்கும் கூலிக்கு மட்டும் பயன்படும். கரையில் பனையும், உள்ளே உயரமான திட்டுகளில் நாட்டுக் கருவேலும் வைப்பதாக எண்ணியுள்ளோம். இவை போதுமா? கரைமீது நிற்கும் பெரிய மரங்களை என்ன செய்வது என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு உள்ளது.

ஓய்வுபெற்ற வனவர் எழுதியது:

வரைவு நன்றாக வந்திருக்கிறது, சில சேர்க்கைகள் மட்டும்.

கரைமீது நிற்கும் பெரிய மரங்களின் தூரை இயந்திரம் வைத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு கரை மண்ணும் பெயர்ந்து, ஐப்பசி மழையில் அந்த இடம் உடைப்பெடுக்கும். கரையில் மட்டும் தரையோடு அறுத்து, கிளம்பும் தளிரைத் தொடர்ந்து ஒடித்துக்கொண்டிருக்க வேண்டும். பனையும் வேம்பும் நிழல் கட்டியபின் தூர் தானாக நலியும். இது மெதுவான வழிதான், ஆனாலும் கரை பிழைக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை யாழ்ப்பாண நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். நெற்று பழுத்து உதிர்வதற்கு முன் வேலை முடிய வேண்டும். அதற்குப் பிறகு வெட்டினால், வெட்டும் ஆட்களே விதையை மிதித்து மண்ணில் ஊன்றுகிறார்கள். ஆடுமாடுகளைப் பற்றி வரைவில் ஒன்றும் இல்லை. நெற்றின் இனிப்புக்காகத் தின்னும் ஆடு, கடினமான மேலோட்டை வயிற்றில் இளக்கி, எருவோடு சேர்த்து விதையைப் புழுக்கையாகப் போடுகிறது. நெற்று உதிரும் காலத்தில் மற்ற மூன்று பகுதிகளில் மேய்ந்த கிடையை, அகற்றிய பகுதியில் அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அடைக்கக் கூடாது என்று ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டு அவர்களுக்குப் பிறகு தெரிவித்தால் அது நடக்காது.

நாற்றுப் பிடுங்கும் கூலியைக் கோடையில் செலவிட வேண்டாம். முதல் நல்ல மழைக்குப் பின் மண் இளகி, நாற்று முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கும்போது ஒருவரே ஒரு நாளில் கணிசமான பரப்பைக் கையால் முடித்துவிடலாம். அந்த வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு அதே நாற்றுக்குக் கடப்பாரை வேண்டும். எனவே தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும், மழை பெய்த வாரத்தில் அவர்கள் ஊரில் இருப்பார்களா என்பதையும் பத்திரம் எழுதும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.